இரண்டாவது குரல்

எதிர்த்திசையில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் அன்று காலை புதுவாயல் கூட்ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. நான் ஸ்டியரிங்கை ஒடித்து எதிர்ச்சாலையில் ஏறினேன். ஹெட்லைட்டைப் போட்டேன். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எதிரே வந்த ஷிஃப்ட் பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி என் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் வருத்தப்படவில்லை. என் பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பின்சீட்டில் ஏஞ்சலின் இருந்தாள். எங்கள் லேபில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் மெஷின் ஆபரேட்டர் அன்புசெல்வன். கிளீன்ரூம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறியவன், இப்போது அதைக் கையில் உருவி அதிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

“அழுவாத அன்பு. வலிக்கல.”

“நெசமாவா அக்கா?”

“நெசமா. நடுவுல மட்டும் இன்னாவோ ஒட்டிக்கினு இருக்குது. உன்னப் பார்த்தா ரெண்டு காதும் தெரியுது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல.”

“ஐயோ அக்கா.”

“வுடு. தெனம் பார்க்கிற மூஞ்சிதானே, நஷ்டம் ஒண்ணும் இல்ல.”

அவன் இன்னும் சத்தமாக அழுதான். செங்குன்றம் தாண்டும்போது அவள் என் சீட்டின் முதுகைத் தட்டினாள்.

“சார், கொஞ்சம் மெதுவா போங்க. கண்ணு போனா போவட்டும். மூணு உசுரு போவ வாணாம்.”

நான் மெதுவாகப் போகவில்லை. அதை எல்லாச் சாட்சிகளும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்க முடியாது என்பதற்கு எல்லோரும் அந்த ஓட்டத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் விநோதமாகப் படுகிறது. ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறோம். அவ்வளவுதானே?

சென்னையில் கண் டாக்டர் மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை காத்திருந்து, விளக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விழித்திரையில் எழுத்தையும் முகத்தையும் பார்க்கிற இடம் ஒன்று உண்டாம், கடுகை விடச் சின்னது. லேசர் சரியாக அங்கேதான் விழுந்திருக்கிறது. வெந்த இடம் திரும்பாது. ஓரப் பார்வை மிஞ்சும், நடமாடலாம், படிக்க முடியாது.

“இன்னொரு கண் இருக்கிறதே டாக்டர்,” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா? அந்தக் கண்ணு சின்ன வயசுலேர்ந்தே சோம்பல் கண்ணு. போர்டுல இருக்கிற பெரிய எழுத்தையே அவங்களால சொல்ல முடியல.”

அவளுடைய அப்பா அந்தோணி மில்லிலிருந்து அப்படியே ஓடிவந்தார். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“இருந்ததே ஒரு கண்ணுதான் சார் அதுக்கு,” என்றார். “சொன்னா வேல குடுக்க மாட்டாங்கன்னு நான்தான் மறைக்கச் சொன்னேன். அந்த ஒரு கண்ணுலதான் சார் அவ்வளவும் படிச்சுது.”

நான் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டேன். மில் கரி என் சட்டையில் ஒட்டியது. வீட்டில் துவைத்துத் தேய்த்து வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டையை நான் திரும்பப் போடவில்லை.

உங்கள் மேஜையில் இருக்கிற அந்த வட்டை ஓரத்தைப் பிடித்து எடுங்கள், மேடம். நடுவில் விரல் படக் கூடாது. நன்றி.

தகவலைப் பதிந்துவைக்கிற டிஸ்க் அது. பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதன் மேல் கோபால்ட், பிளாட்டினம், மறுபடி கோபால்ட், மறுபடி பிளாட்டினம் என்று மாற்றி மாற்றிப் பூசியிருக்கிறோம். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள், உலோகத் தகட்டிலிருந்து அணுக்களைத் தட்டிப் பறக்கவிட்டுப் பூசுவது. ஒவ்வொரு பூச்சும் சில அணுக்கள் உயரம்தான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் உங்கள் தலைமுடியின் பருமனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கோபால்ட்டைத் தடிமனாகப் பூசினால் அதன் காந்தம் படுத்துக்கிடக்கும். மெலிதாக்கி, மேலும் கீழும் பிளாட்டினத்தை வைத்து நெருக்கினால் எழுந்து நிற்கும். நிற்கிற காந்தத்தில்தான் நெருக்கி நெருக்கி எழுத முடியும். ஒரே ஒரு நிபந்தனை, அடுக்குகள் கலந்துவிடக் கூடாது. எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்க வேண்டும். எல்லை குழம்பினால் எல்லாம் படுத்துவிடும். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அந்த ஒழுங்குதான்.

எழுதியதைப் படிப்பது ஒளியால். நிற்கிற காந்தத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது ஒரு மயிரிழை திருகிக்கொள்ளும். காந்தத்தின் தலை மேலே என்றால் ஒரு பக்கம், கீழே என்றால் மறு பக்கம். அந்தத் திருகல் பெரிதாக இருந்தால் படிப்பது சுலபம். உலகம் முழுவதும் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் கண்டுபிடித்த அடுக்கில் திருகல் பெரிதாக இருந்தது. கம்பெனியில் அதற்கு ‘வசந்த் அடுக்கு’ என்று பெயர் வைத்தார்கள். வசந்தகுமார் என்று முழுப்பெயரையும் வைத்திருக்கலாம். பரவாயில்லை.

இனி பெஞ்சைப் பற்றி. இது உங்களுக்கு முக்கியம்.

வட்டைச் சோதிக்கிற பெஞ்சில் இரண்டு கதிர்கள் ஒரே பாதையில் போகும். ஒன்று மெல்லிய சிவப்புக் கதிர், படிப்பதற்கு. அது எதையும் மாற்றாது. இன்னொன்று எழுதுகிற கதிர். பட்ட இடத்தைக் கணத்தில் சுடவைத்து, காந்தத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிடும். எழுதுவதற்கு முன்னால் ஒரு வடிகட்டியைத் திருகித் திருகி, ஐபீஸில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற குழாயில், தெரிகிற சிவப்பை முழு இருட்டாக்க வேண்டும். அந்த இருட்டில்தான் பிறகு எழுதிய புள்ளி பளிச்சென்று தெரியும். வடிகட்டி சிவப்பைத்தான் தடுக்கும். எழுதுகிற கதிர் வேறு நிறம், அதற்கு அடங்காது.

எல்லா ஊரிலும் இதைக் கேமராவில் பார்க்கிறார்கள். எங்களிடமும் கேமரா இருக்கிறது, பீரோவில். கேமராவுக்கு இருட்டு தெரியாது, இரைச்சல்தான் தெரியும். பழகிய கண்ணுக்கு மட்டும்தான் இருட்டுக்குள் இருக்கிற இருட்டு தெரியும். அதனால் ஐபீஸில் இருந்த பாதுகாப்புக் கண்ணாடியையும் எடுத்துவிட்டோம். நான்தான் எடுக்கச் சொன்னேன். அது வேலையின் நன்மைக்காக.

பெஞ்சைச் சுற்றிக் கறுப்புத் திரை. எழுதுகிற கதிரின் பட்டன் திரைக்கு வெளியே ஆபரேட்டரிடம். அவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. எனவே எங்களுக்குள் ஒரு வழக்கம். இரண்டு பேர் இருட்டைப் பார்க்க வேண்டும், ஒருவர் பின் ஒருவராக. முதலாமவர் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்ததும் “எடுத்தாச்சு” என்று குரல் கொடுப்பார். ஆபரேட்டர் “சரி” என்பான். இரண்டாமவர் பார்த்துவிட்டு “எடுத்தாச்சு” என்றதும் பட்டனை அமுக்குவான். யார் குரல் என்பது கணக்கில்லை. எத்தனை குரல் என்பதுதான் கணக்கு. வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அன்புசெல்வன் குரலைக் கேட்க மாட்டான், எண்ணுவான். கெட்டிக்காரப் பையன், ஒருநாளும் எண்ணிக்கை தப்பியதில்லை.

ஏஞ்சலினை வேலைக்கு எடுத்ததே நான்தான். நேர்காணலில் அப்பா பெயரைக் கேட்டபோதே புரிந்தது. ஆரம்பாக்கத்தில் எங்கள் கழனியில் வேலை செய்த குடும்பம். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பார்ப்பது கிடையாது. ஒருமுறை வீட்டுக்குக்கூட வந்திருக்கிறாள். என் அம்மா அஞ்சம்மாள் அவளை ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பேப்பர் கப்பில்தான். வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை, கழுவுகிற வேலை மிச்சம் என்று.

வந்த கொஞ்ச காலத்திலேயே லேபில் அவளுக்கு ‘கண்ணு’ என்று பெயர் வந்துவிட்டது. நாங்கள் இருட்டு என்று விட்டுவிடுகிற இடத்தில் அவள் “இன்னும் ஒரு சொட்டு செவப்பு இருக்குது” என்பாள். வடிகட்டியை மயிரிழை தள்ளுவாள். மீட்டரும் அவள் பக்கமே பேசும். அதற்கு முன்னால் லேபில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. பிறகு யாரும் சொல்லாமலே அவளுடையதாகிவிட்டது. நான் தடுக்கவில்லை. திறமையை நான் மதிக்கிறவன்.

ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஆர்டர் வந்திருந்தது. பழைய கல்வெட்டுப் படங்கள், நிலப்படங்கள், பதிவுகள் எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகள் காலம்வரை வைத்திருக்க எங்கள் வட்டுகள் வேண்டும். மாதிரித் தொகுதியைப் பார்க்க அவர்களே நேரில் வருவதாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கேன்டீனில் எல்லோரும் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏஞ்சலின் ஆரம்பித்தாள்.

“சார், உங்க அடுக்கு மேல ஒரு டவுட்டு.”

“சாப்பிட்டுவிட்டுச் சொல்லேன்.”

“சாப்டுக்கினே சொல்றேன். மேல இருக்கிற பிளாட்டினம் மூடி போதல சார். கீழ கோபால்ட்டு துரு புடிக்குது. வெளிச்சம் திரும்பி வர்றதே கம்மியாயிடுச்சு. அதான் திருகல் பெருசாத் தெரியுது.”

“பெரிதாகத் தெரிகிறது இல்லையா? அது போதுமே.”

“எழவு ஊட்டுல தும்மினா பெருசாத்தான் சார் கேக்கும். அதுக்காவ அது பெரிய தும்மலா?”

அன்புசெல்வனுக்குப் பொங்கல் புரை ஏறிவிட்டது. பக்கத்து மேஜையில் பேக்கிங் பெண்கள் எதற்கு என்று தெரியாமலே சிரித்தார்கள். “சாரை இன்னா சொன்ன அக்கா, சாரை இன்னா சொன்ன?” என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் முன்னால் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

கை கழுவுகிற இடத்தில் அவள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லல சார். பெஞ்சுல ஒருவாட்டி கண்ணால பார்த்துடறேன். எழுதின புள்ளி ஓரம் பிசுறு தட்டினா, நான் பாஸ் போட முடியாது. அப்புறம் நீங்க சங்கடப்படக் கூடாது.”

அவள் பாஸ் போடாவிட்டால் தொகுதி போகாது. தொகுதி போகாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் அந்த லைனை மூடுவார்கள். ஆரம்பாக்கத்திலிருந்தும் திருவாலங்காட்டிலிருந்தும் ரயில் பிடித்து வருகிற அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள். ஒரு பக்கம் அத்தனை குடும்பங்கள், இன்னொரு பக்கம் ஒரு கண். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்? இதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நியாயம் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

சம்பவத்தன்று காலை வட்டை மாட்டினோம். நான் முதலில் பார்த்தேன். கண்ணை எடுத்தேன். “எடுத்தாச்சு” என்றேன். வெளியிலிருந்து அன்புசெல்வன் “சரி” என்றான். அடுத்து ஏஞ்சலின் குனிந்து வலது கண்ணை ஐபீஸில் வைத்தாள். வடிகட்டித் திருகின் மேல் அவள் விரல் மெதுவாக நகர்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவள் எப்போதும் பார்ப்பாள். அவளுடைய காதோரத்தில் கிளீன்ரூம் தொப்பியிலிருந்து ஒரு முடிக்கற்றை வெளியே வந்திருந்தது. அது விதிமீறல். சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக மறுபடி “எடுத்தாச்சு” என்றேன்.

முதல் தடவை சொன்ன அதே குரல், அதே அளவு. அவள் திடுக்கிடவில்லை. முதல் குரல் வெளியே கேட்டிருக்காது, சார் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். கம்ப்ரஸர் சத்தத்தில் அது அடிக்கடி நடக்கிறதுதான். நான் சொன்னதில் பொய்யும் இல்லை. என் கண்ணை நான் எடுத்துத்தான் இருந்தேன். உண்மையான ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன்.

அன்புசெல்வன் எண்ணினான். அமுக்கினான்.

அவள் கத்தவில்லை. தலையை நிமிர்த்தி, “சார், கண்ணுக்குள்ள யாரோ சொடக்கு போட்ட மாதிரி கேட்டுச்சு” என்றாள். அதுதான் அவள் சொன்னது. பிறகு ஐபீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். எதைப் பார்த்தாலும் நடுவில் அதே ஓட்டை இருந்திருக்க வேண்டும். நான் கார் சாவியை எடுத்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இடது கண் விஷயம் எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. டாக்டர் அப்படி நினைத்தார், அந்தோணி அப்படி நினைத்தார், நானும் திருத்தவில்லை. அதையும் இப்போது சரிசெய்துவிடுகிறேன். அவள் வேலைக்கு வந்த புதிதிலேயே எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் கண்ணை மாற்றி மாற்றித்தான் பார்ப்போம். ஒரே கண்ணில் பார்த்தால் களைத்துவிடும். அவள் மட்டும் எப்போதும் வலது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“அந்தக் கண்ணு சும்மா ஷோவுக்கு சார்,” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்” என்றாள்.

நான் சொல்லவில்லை. இந்த நிமிடம்வரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றத் தெரியாதவன் மனிதனே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். விசாரணையில் நானே முன்வந்து, ஆமாம், இரண்டு தடவை குரல் கொடுத்தேன், முதல் தடவைக்கு “சரி” கேட்கவில்லை, அதனால் திருப்பிச் சொன்னேன் என்றேன். எவ்வளவு நேர்மை என்றார்கள். தவறு அன்புசெல்வன் மேல் விழுந்தது. அவன் “சரி” சொல்லவே இல்லை என்று எழுதி, வழக்கையும் அவன் மேல் போட்டார்கள். அவன் மனைவி மோனிகா கம்பெனி கேட்டில் வந்து நின்றுகொண்டு போகிற வருகிற வண்டியை எல்லாம் மறித்தாள். என் காரையும் மறித்தாள்.

“சார், எம்புருஷன் சரின்னு சொன்னான் சார். அவன் தூக்கத்துலகூட சரின்னுதான் சொல்லுவான். ஊட்டுல என்கிட்டயே வேற வார்த்த பேசினது இல்ல சார்.”

செக்யூரிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கு ஒரு வாட்டர் பாட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். அவள் சொன்னது உண்மைதான். அவன் “சரி” சொன்னான். எனக்கு நன்றாகவே கேட்டது. இப்போது அவனை நீங்கள் விட்டுவிடலாம். அவசரம் ஒன்றும் இல்லை, வழக்கமான நடைமுறைப்படி.

ஏஞ்சலினைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாரம் தவறியதில்லை. புதுவாயலில் அவர்கள் வீட்டு வாசலில் என் காலடிச் சத்தம் கேட்டாலே “வாங்க சார்” என்பாள். முகத்தை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பேசுவாள். அப்படித்தான் அவளுக்கு முகம் கொஞ்சமாவது தெரிகிறதாம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அலட்சியம் மாதிரி இருக்கும். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி இதழ்களைப் படித்துக் காட்டச் சொல்வாள். பொறுமையாகப் படித்துக் காட்டுவேன். சில சமயம் ஒரு பத்தியை விட்டுவிடுவேன். அவளால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்காக. முடியவில்லை.

இவ்வளவும் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏன் இன்றைக்கு வாயைத் திறந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்?

நீங்கள்தான் காரணம், மேடம். உட்கார்ந்ததும் அவளுடைய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். “வசந்த் சார் மறதியா ரெண்டாவது வாட்டி சொல்லிட்டாரு. அவரு வேணும்னு செய்யல. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. அன்புவையும் வுட்டுடுங்க, சாரையும் வுட்டுடுங்க, பாவம்.” கடைசி வார்த்தையை நீங்கள் கொஞ்சம் நெகிழ்ந்து படித்தீர்கள். பிறகு, வழக்கை முடித்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள், போகலாம் என்றீர்கள்.

போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் ‘பாவம்’ எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தக் குடும்பங்கள் விஷயம் எழுதிக்கொண்டீர்களே, ஆரம்பாக்கம், திருவாலங்காடு என்று. அதை அடித்துவிடுங்கள். தவறான தகவல் கோப்பில் இருப்பது எனக்குப் பிடிக்காது. அன்று காலை எந்த லைனும் மூடப்போவதாக இல்லை. பெஞ்சில் மாட்டியிருந்தது என்னுடைய வட்டே இல்லை.

வட்டை மாட்டும்போதே ஏஞ்சலின் ரகசியமாகச் சொன்னாள். “சார், திட்டக் கூடாது. நேத்து நானே ஒண்ணு போட்டுப் பார்த்தேன். மேல பிளாட்டினம் கொஞ்சம் ஏத்தினேன். திருகல் கொறஞ்சிடுச்சு, ஆனா வெளிச்சம் நல்லா வருது, துரு புடிக்கல. நீங்களே பாருங்க.”

நான் பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. துளிச் சிவப்பு இல்லை. கண்ணை எடுத்துக் குரல் கொடுத்தேன். அன்புசெல்வன் “சரி” என்றான். அவள் என் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்தாள்.

“நல்லா இருக்குதுல்ல சார்? காப்பகத்துக்கு இதையே குடுத்துடலாம். பேரு உங்க பேராவே இருக்கட்டும். எனக்கு வாணாம் சார், நீங்களே வெச்சிக்கங்க.”

சொல்லிவிட்டுத்தான் அவள் குனிந்தாள்.

காப்பகத்தார் வந்து ஏற்றுக்கொண்டது அவளுடைய அடுக்கைத்தான். இப்போது உங்கள் கையில் இருப்பதும் அதுதான். அது சரியாக வரவில்லை, பழையதையே கொடுத்துவிட்டோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் என்னுடையதாகவே இருக்கிறது. நாமாக எடுத்துக்கொள்வது வேறு விஷயம், மேடம்.

அவளுடைய தாத்தா தேசப்பன் என் அப்பா பரசுராமனிடம் ஏர் ஓட்டியவர். களத்தில் கூலி நெல்லுக்குத் துண்டை விரித்துக்கொண்டுதான் நிற்பார். எங்கள் குடும்பத்தில் கொடுத்துத்தான் பழக்கம். வாங்கிப் பழக்கமில்லை.